நிறைஞ்சிருக்கு

மருந்து உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது, சூடு இன்னும் இறங்கவில்லை. அரை மணி நேரமாவது ஆகும் என்று டாக்டர் ரெஜினா போன மாதமே சொல்லியிருந்தார், வைரவனுக்கு அது தெரியும், தெரிந்து என்ன, தோளில் கிடக்கும் பத்து மாதக் குழந்தையின் கன்னம் கழுத்தில் படுகிற இடம் இஸ்திரிப் பெட்டியை வைத்தாற்போல் எரியும்போது தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. ஹாலிலிருந்து பால்கனி வரை பதினான்கு எட்டு. திரும்பிச் சமையலறை வாசல் வரை பதினேழு. மூன்றாவது மாடி, மார்ச் மாதத்துத் திருச்சி வெயில், மின்விசிறியை இரண்டில் வைத்தால் குழந்தைக்குப் புழுங்குகிறது, மூன்றில் வைத்தால் சளி பிடிக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வைக்கத் தோன்றாமல் போனது எந்தப் பிள்ளை பெறாத மனிதனுக்கோ. தையலு, அப்பா இருக்கேன், அப்பா இங்கேதானே இருக்கேன். அவள் அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். இடது கை காதைப் பிடித்தபடியே இருந்தது. நவம்பரில் முதல் தடவை இந்தக் காதுதான். டிசம்பரில் நெஞ்சுச் சளி, பொங்கலன்று காய்ச்சல், பிப்ரவரியில் வயிற்றுப்போக்கு, இப்போது மறுபடியும் காது, இன்றோடு நாலாவது நாள். ஒவ்வொரு தடவையும் அதே இளஞ்சிவப்பு மருந்து, அதே பொய் ஸ்ட்ராபெரி வாசனை. தலையணை உறையில் அந்த வாசனை, அவன் பனியனில், மனைவி செண்பகத்தின் முந்தானையில். நவம்பரில் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, மணி, அளவு எல்லாம் எழுதினார்கள். எழுதச் சொன்னவன் அவன்தான், எடையளவு ஆய்வாளன், முப்பது வருடமாய் ஊர்க்கடைத் தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன், எழுதாத அளவு அளவே இல்லை என்று பேசுகிறவன். பிப்ரவரியில் அந்த நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை, இரண்டு பேரும் தேடவும் இல்லை. ராத்திரி செண்பகம் பார்த்துக்கொள்வாள், பகலில் இவன். யார் எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பது வாய்வார்த்தையாக, பல் தேய்த்துக்கொண்டே, குக்கர் விசிலுக்கு நடுவில், கைமாறியது. இன்றைக்குக் காலையில் அவள் பிளஸ் டூ பரீட்சைக்கு மேற்பார்வைப் பணி என்று ஓடிய ஓட்டத்தில் என்ன சொன்னாள்? விடியற்காலம் அஞ்சரைக்குக் கொடுத்தேன் என்றாள். அது நிச்சயம். அப்புறம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னாள். “சொட்டு மருந்து நிறைஞ்சிருக்குங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

அந்தச் சொல்லில்தான் எல்லாம் ஆரம்பம். மாயவரத்துக்காரி அவள். அவர்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்ல மாட்டார்கள், உப்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். தீர்ந்துபோனால் நிறைஞ்சிருக்கு என்பார்கள். கல்யாணமான புதிதில் அவள் அரிசி நிறைஞ்சிருக்கு என்று மூன்று நாள் சொன்னாள், இவன் நல்லதுதானே என்று பேப்பர் படித்தான், மூன்றாம் நாள் ராத்திரி ரவையைக் கிண்டி முன்னால் வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு. அதற்கப்புறம் பதினெட்டு வருடம் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. மாதக் கடைசியில் என் பர்ஸும் நிறைஞ்சிருக்கு செம்பா என்பான். டாக்டர்கள் மாறி மாறிக் கையை விரித்த வருடங்களில் ஒருநாள் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தன் வயிற்றைத் தொட்டு, இதுவும் நிறைஞ்சிருக்குங்க என்றாள், இவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். ஐம்பத்திரண்டில் அப்பா ஆனான். வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டதற்குத் தையல்நாயகி என்று பெயர். ஆபீஸில் பரமசிவம், “என்ன சார், பிள்ளைக்குத் தையல் மிஷின் பேரா வச்சிருக்கீங்க?” என்றான், அடுத்த நிமிடம், “பரவால்ல, சாருக்கு லேட்டா முத்திரை விழுந்தாலும் அழியாத முத்திரை,” என்று எல்லாரையும் சிரிக்கவைத்தான். ஆக, சொட்டு மருந்து நிறைஞ்சிருக்கு என்று அவள் சொன்னால் தீர்ந்துவிட்டது, வாங்கி வையுங்கள் என்று அர்த்தம். பதினெட்டு வருடத்துப் பாடம். பத்து மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனான். கடைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பேத்திக்கா தாத்தா? எத்தனை மாசம்?” என்றாள். பத்து, எட்டரைக் கிலோ என்றான். மாசத்துக்குப் பதில் சொன்னவன் தாத்தாவுக்குப் பதில் சொல்லவில்லை, வழக்கம்போல. “சொட்டு மருந்து ஸ்டாக் வரல. சிரப் தர்றேன், காய்ச்சலுக்கு ரெண்டும் ஒரே மருந்துதான். ஆனா சொட்டு மருந்து நாலு மடங்கு கட்டி, அதான் ஒரு மில்லி சொச்சம் கொடுக்கறோம். இது தண்ணியா இருக்கும், எட்டரைக் கிலோன்னா அஞ்சு மில்லி. மூடியில அஞ்சுன்னு கோடு இருக்கு பாருங்க, அதுவரைக்கும் ஊத்துங்க. மாத்திடாதீங்க தாத்தா.” மாத்திடாதீங்க தாத்தா. அவனிடம். பெட்ரோல் பங்க்கில் ஐந்து லிட்டர் அளவுக் கூம்பைத் தூக்கிப் பிடித்து ஒரு கரண்டி குறைந்ததற்கு பம்ப்பை மூடி சீல் வைத்தவனிடம்.

பதிமூன்று நிமிடம். விக்கல் நின்றுவிட்டது. மூச்சு சற்றே நீளமாக வருகிறது, தூங்கப்போகிறாள். நல்லது, தூங்கட்டும், தூங்கினால் வலி தெரியாது. ஆனால் தூக்கத்தில்தான் தம்பிக்கு வலிப்பு வந்தது. மாணிக்கத்துக்கு ஒன்றேகால் வயது, இவனுக்கு ஆறு, பழனி ரயில்வே காலனியில் சிமெண்டுத் தரையில் ஈரத்துணிமேல் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து மாடத்தில் இருந்தது. இங்கிலீஷ் மருந்து சூடு, பச்சைப்பிள்ளை தாங்காது என்று அம்மா பாதிதான் கொடுத்தாள். மத்தியானம் தம்பியின் கண் மேலே செருகிக்கொண்டது, கை காலெல்லாம் யாரோ உள்ளேயிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் வெட்டி வெட்டி இழுத்தது, அம்மா சாவிக்கொத்தை அந்தச் சின்னக் கையில் திணித்துத் திணித்து வைத்தாள், சாவிக்கொத்து தரையில் விழுந்து விழுந்து சத்தம் போட்டது. பாதி கொடுத்ததால்தானா? இந்தக் காலத்து டாக்டர்கள், முழுசாகக் கொடுத்தாலும் வலிப்பு வருவதானால் வரும், மருந்து வலியைத்தான் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது என்கிறார்கள். டாக்டர் ரெஜினா படம் போட்டே விளக்கினார். இவன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து நூறு டிகிரிக்கே மருந்தை எடுத்தான். குறைவாகக் கொடுத்த அம்மாவின் பிள்ளை குறைவாகக் கொடுக்க மாட்டான், அது மட்டும் அவனுக்குள் நிச்சயமாக இருந்தது. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு நூற்றிரண்டு புள்ளி எட்டு. குழந்தை வீல் வீலென்று கத்தினாள், முதுகை வில்லாய் வளைத்துக் கத்தினாள், கீழ் வீட்டிலிருந்து யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். பிரிட்ஜ்மேல் மருந்து டப்பா, பிளாஸ்டிக் டப்பா, காலையில் வாங்கிய சிரப்பை உள்ளே பார்க்காமலே அதற்குள்தான் போட்டிருந்தான். எடுத்தான். மூடியின் வளையத்தைப் பல்லால் கடித்து உடைத்தான், அது ஞாபகம் இருக்கிறது, முன்பல் கூசியது. மேலே செருகியிருந்த அளவு மூடியில் ஐந்து என்ற கோடுவரை ஊற்றினான். அவள் வாயருகே கொண்டுபோனபோது காலால் எட்டி உதைத்தாள், மருந்து அவ்வளவும் அவன் பனியனில். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை, அதுவும் நிச்சயம். பாட்டிலை மூடி, கவிழ்ந்துவிடக்கூடாதே என்று திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டு, துண்டை எடுத்துத் துடைத்து, அவளை ஆட்டி, கீழே விழுந்த அளவு மூடியைக் குழாயில் கழுவி, மறுபடி டப்பாவுக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்து, மறுபடி ஐந்து என்ற கோடு, இந்தத் தடவை கன்னத்தை அமுக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாய், முழுவதும் இறக்கிவிட்டான். நக்கிக்கூடக் கொண்டாள். அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவோடு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன் டப்பா திறந்து கிடப்பதைக் கண்டு மூடப்போனான், உள்ளே இரண்டு பாட்டில்கள் இருந்தன. முதலில் கண்ணுக்குத்தான் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. ஒன்று சற்றே உயரம், ஒன்று குள்ளம். ஒரே கம்பெனி, ஒரே இளஞ்சிவப்பு, ஒரே சிரிக்கும் முயல் படம். குள்ளமானது சொட்டு மருந்து. பதினைந்து மில்லி பாட்டில். உறிஞ்சி எடுக்கிற குழலைச் செண்பகம் எப்போதும் வெந்நீர் டம்ளரில் தனியே போட்டு வைப்பாள், அதனால் இதற்கும் சாதாரண மூடிதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து இருந்தது. ஆக, நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே அவள் புதிசு வாங்கி வந்திருக்கிறாள். ஆக, நிறைஞ்சிருக்கு என்றால் நிறைந்திருக்கிறது. நிறைய இருக்கிறது, கவலைப்படாதீர்கள், கொடுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஊரெல்லாம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில் அவள் பதினெட்டு வருடத்தில் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அரிசிக்கும் உப்புக்கும்தானே அந்தப் பேச்சு, மருந்துக்கு எதற்கு, மருந்து தீர்ந்தால் நல்லதுதானே, மருந்து தீர்ந்ததை மங்கலமாய்ச் சொல்ல எந்த வீட்டில் சொல்லிக்கொடுப்பார்கள்? இது ஏன் அப்போது தோன்றவில்லை? சரி, அது போகட்டும். இரண்டாவது தடவை டப்பாவுக்குள் கையை விட்டபோது எடுத்தது எதை?

கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயரத்துக்கும் குள்ளத்துக்கும் கையில் வித்தியாசம் இருக்கிறது, இப்போது இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்க்கையில் நன்றாகவே இருக்கிறது, ஐம்பது கிராம் கல்லையும் நூறு கிராம் கல்லையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கை. ஆனால் அப்போது அந்தக் கை அவனுடையதாக இல்லை, அது கத்தலின் கையாக இருந்தது. சிரப் என்றால் சரியான அளவு. சொட்டு மருந்து என்றால் நாலு மடங்கு. எட்டரைக் கிலோ உடம்பில் நாலு மடங்கு. ஈரல் என்று டாக்டர் ஒருமுறை சொன்னாரே. முதல் நாள் ஒன்றும் தெரியாது, குழந்தை விளையாடும், இரண்டாம் நாள் மூன்றாம் நாள்தான் என்று சொன்னாரே. சொன்னாரா, எங்கேயாவது படித்ததா? சொட்டு மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பத்து மில்லி இருக்கும். ஐந்து குறைகிறது. அந்த ஐந்து எங்கே போனது என்பதுதான் கேள்வி, ரொம்பச் சின்னக் கேள்வி. ஒருவேளைக்கு ஒன்று புள்ளி இரண்டு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து செண்பகம் நாலு வேளை கொடுத்திருந்தால் நாலு புள்ளி எட்டு. சரியாக வருகிறது. அவன் உடம்பு சில்லென்று இளகியது, உடனே மறுபடி இறுகியது. நாலு வேளை கொடுத்தாளா? ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று அவன் பார்க்கவே கொடுத்தாள். விடியற்காலம் அஞ்சரை ஒன்று. நடுவில் ஒன்று கொடுத்திருக்கலாம். அதெல்லாம் பழைய பாட்டிலின் மிச்சத்திலிருந்து என்றால் இந்த ஐந்தும் அவன் ஊற்றியதுதான். நாலு என்பது அதிகமாயிற்றே, ஒன்பதரை மணி நேரத்தில் நாலு வேளை என்றால் அதுவே ஒரு தப்பாயிற்றே, அப்படியானால் அவள் தப்புச் செய்திருந்தால்தான் இவன் தப்புச் செய்யவில்லை என்று ஆகும். அப்படி இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் நாலு வேளை கொடுத்திருக்கட்டும். நினைத்துவிட்டு அவனுக்கே வாய் கசந்தது. அதிலும் குழந்தைக்கு என்ன லாபம்? உள்ளே போனது போனதுதானே, எந்தக் கை ஊற்றினால் என்ன?

அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரே ஒரு கேள்வி, காலையில் பாட்டிலில் எவ்வளவு இருந்தது? ஆனால் பரீட்சை ஹாலுக்குள் டீச்சர்கள் போன் கொண்டுபோகக் கூடாது, தலைமையாசிரியர் அறையில் ஒரு அட்டைப் பெட்டியில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். பரீட்சை முடியும் நேரம் ஒன்றேகால், பேப்பர் கட்டி சீல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனைக் கையில் வாங்க ஒன்றே முக்கால். இப்போது பன்னிரண்டு இருபத்திரண்டு. பள்ளிக்கூட நம்பருக்கே கூப்பிடலாம். கூப்பிட்டு? செண்பகம் டீச்சரை ஹாலிலிருந்து கூட்டிவாருங்கள், அவர் கணவர் என்ன மருந்து கொடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தத் தலைமையாசிரியரின் தொண்டைக் கனைப்பு இவனுக்கு இங்கேயே கேட்டது. வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். சிரப் பாட்டில் அறுபது மில்லி. முதல் மூடி கொட்டிப்போனது ஐந்து. இரண்டாவதும் இதிலிருந்தே என்றால் ஐம்பது இருக்க வேண்டும், இல்லை என்றால் ஐம்பத்தைந்து. கம்பெனிக்காரன் ஒன்றிரண்டு கூடவே நிரப்பியிருப்பான், அது வழக்கம், அதைக் கழித்துக்கொள்ளலாம். இவ்வளவு சுலபம். ஒரு கையால் குழந்தையைத் தாங்கிக்கொண்டு, எவர்சில்வர் கிண்ணத்தை மேடையில் வைத்து, ஐந்து ஐந்தாக மூடியில் ஊற்றிக் கிண்ணத்தில் கவிழ்த்தான். ஒன்று. மூடியின் சுவரில் மருந்து பிசினாய் ஒட்டிக்கொண்டது, ஒவ்வொரு தடவையும் ஒட்டுவது எவ்வளவு? இரண்டு. மூன்று. கோட்டைக் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும், குனிந்தால் குழந்தையின் தலை சாய்கிறது. நான்கு. கூட நிரப்பியது இரண்டா, மூன்றா, நாலே ஆனால் என்ன செய்வது? ஐந்து. பரமசிவம் பார்த்தால், என்ன சார் வீட்டிலேயே முத்திரை முகாமா என்பான். ஆறு. ஏழு. தோளில் மூச்சு மாறியது. மாறியதா? நின்று கவனித்தான். நீளமாக ஒன்று, பிறகு ஒரு இடைவெளி, பிறகு சின்னதாக இரண்டு. அந்த இடைவெளி முன்பும் இருந்ததா? தூங்கும் குழந்தைகள் எல்லாம் இப்படித்தான் மூச்சு விடுமா? அவளுடைய மூச்சை அவன் இதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை. மறுபடி நீளமாக ஒன்று வந்தது. சரி. கையில் மூடி நிரம்பி இருந்தது. இது ஏழா, எட்டா? ஏழு சொன்னது ஊற்றுவதற்கு முன்னாலா, ஊற்றிய பிறகா? கிண்ணத்தைப் பார்த்தான். இளஞ்சிவப்பாய் ஒரு குளம், மேலே மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் கோடு இல்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்து. கழுத்தில் எரிச்சல் இல்லை. அது எப்போது போனதென்று தெரியவில்லை, இப்போது அந்த இடத்தில் ஈரம், அவள் நெற்றியில் முத்து முத்தாய் வியர்த்திருந்தது. வேறு எந்த நாளாயிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இன்று அந்த வியர்வை அவனைப் பயமுறுத்தியது. இவ்வளவு சீக்கிரமாகவா? ஒரு மூடிக்கு இவ்வளவு இறங்குமா, நாலு மூடிக்கு இறங்குகிற மாதிரி அல்லவா இறங்குகிறது? கட்டிலில் கிடத்தினான். கை இரண்டும் தலைக்கு மேல் விரிந்து கிடந்தன, காதைப் பிடித்திருந்த கையும் விட்டுவிட்டிருந்தது. நிம்மதியாகத் தூங்குகிற குழந்தை. பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளங்காலைச் சுரண்டினான். விரல்கள் மடங்கின. உயிர் இருக்கிறது என்பதற்கு அது போதும், ஆனால் அவன் கேட்பது அது இல்லையே, மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதல்லவா, அதை உள்ளங்கால் சொல்லுமா? எழுப்பலாமா? எழுப்பினால் வலி எழுந்துவிடும். மூன்று நாளாக எதற்காகப் படாத பாடு படுகிறான், அவள் தூங்க வேண்டுமென்றுதானே? அவள் தூங்க வேண்டுமென்றா? நேற்றுப் பகல் நூறு டிகிரிதான் இருந்தது. விளையாடிக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்சம் சிணுங்கினாள், ஸ்பூனால் தரையைத் தட்டித் தட்டிச் சிணுங்கினாள். இவனுக்குக் கண் எரிந்தது, ஒரு மணி நேரம் படுத்தால் தேவலை என்றிருந்தது. கொடுத்தான். கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே தரையில் துண்டை விரித்துத் தூங்கினான். யாருடைய வலிக்காக அந்த ஒன்று புள்ளி இரண்டு? பிப்ரவரியில் இப்படி எத்தனை? செண்பகமும் இப்படிக் கொடுத்திருப்பாளா, நடுராத்திரி, மறுநாள் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியவள்? அவளை அவன் கேட்டதில்லை, அவளும் இவனைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த அன்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். பாட்டில் காலியாவதை இரண்டு பேரும் பார்த்தார்கள், இரண்டு பேரும் புதிசு வாங்கினார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டால் என்ன என்று இருபது நிமிடமாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. தோன்றுவதும் உடனே வேறொன்று வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வதுமாய் இருந்தது. அளந்தால் தெரிந்துவிடும், பிறகு எதற்குப் போன். செண்பகம் வந்தால் தெரிந்துவிடும், பிறகு எதற்கு. டாக்டர் சாப்பிடும் நேரம். சிரப்பாகத்தான் இருக்கும், சிரப்பாக இருந்துவிட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. சிரிப்பார்கள் என்பதற்காகவா இங்கே நிற்கிறேன்? கட்டிலோரம் நின்றுகொண்டு தன்னையே பார்த்தான், மருந்து கொட்டிய பனியன், நரைத்த நெஞ்சு முடி, கையில் ஒட்டும் மூடி. தப்பான படிக்கல் பிடிபட்ட கடைக்காரன் இப்படித்தான் நிற்பான். எனக்குத் தெரியாது சார், கல் தேஞ்சுபோச்சு போலிருக்கு சார். இவன் நம்பியதே இல்லை ஒருத்தனையும். பன்னிரண்டு நாற்பது. மருந்து போய் முப்பத்தைந்து நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் அது வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அவன் வெட்கப்படுகிற நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. போனை எடுத்தான்.

“கிளினிக்குங்க,” என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். “டாக்டர் வார்டுக்குப் போயிருக்காங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு டோக்கன் போடவா?”

“இல்லம்மா, இப்பப் பேசணும். தையல்நாயகின்னு பத்து மாசக் குழந்தை. நான்…” இங்கே வாக்கியம் தட்டியது. மருந்து மாறிப்போச்சு என்று வந்தது வாயில். யாரோ வந்து மாற்றிவிட்டுப் போனது போல. “நான் மருந்தை மாத்திக் கொடுத்திருக்கேன்னு நினைக்கிறேன். அளவு நாலு மடங்கு போயிருக்கலாம்.”

அந்தப் பெண்ணின் குரலில் இருந்த தூக்கம் போய்விட்டது. “லைன்லயே இருங்கய்யா, வைக்காதீங்க.”

செருப்புச் சத்தம், கதவு, ஒரு குழந்தை இருமும் சத்தம், எங்கோ இரும்புக் கட்டில் இழுபடும் சத்தம். பிறகு டாக்டர் ரெஜினா. “சொல்லுங்க வைரவன். நிதானமா சொல்லுங்க.” சொன்னான். இரண்டு பாட்டில், டப்பா, முதல் மூடி, இரண்டாவது மூடி, நிறைஞ்சிருக்கு என்ற சொல்லைக்கூடச் சொன்னான், எதற்கு அது என்று சொல்லும்போதே தோன்றியும் நிறுத்த முடியவில்லை. அவர் குறுக்கிடவில்லை. கடைசியில், “சரி, மோசமானதையே வச்சுக்குவோம். அஞ்சு மில்லியும் சொட்டு மருந்துதான்னே வச்சுக்குவோம். அந்த ஒரு வேளையை மட்டும் பார்த்தா பெரிய ஆபத்து வரக்கூடாது,” என்றார். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “ஆனா ஒரு வேளை மட்டும் இல்லையே. நாலு நாளா கொடுத்துட்டு இருக்கீங்க. நேத்திலிருந்து மொத்தம் எத்தனை வேளை?”

“தெரியல டாக்டர்.”

“தோராயமா?”

தோராயமாக என்று சொல்லி அவன் எத்தனை பேருக்கு அபராதம் போட்டிருப்பான். “தெரியல டாக்டர். ராத்திரி அவ கொடுப்பா, பகல்ல நான். எழுதி வைக்கல. தேவையில்லாதப்பவும் கொடுத்திருக்கேன்.”

“இப்பவே கூட்டிட்டு வாங்க. மருந்து உள்ள போய் நாலு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்க்கணும், ஈரலையும் பார்க்கணும். ரெண்டு பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க. அப்புறம் வைரவன், நான் சொல்ற வரைக்கும் வேற எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. எவ்வளவு அழுதாலும் சரி. வாய்க்குள்ள எதையும் ஊத்திடாதீங்க. எழுப்பிப் பார்த்தீங்களா?”

“எழுப்பல.”

“எழுப்புங்க. எழுந்தா எனக்குத் திருப்தி.”

எழுப்பினான். தையலு, தையலம்மா. கன்னத்தைத் தட்டினான். கண்ணிமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. தூக்கி நிறுத்தினான், தலை மார்பில் சாய்ந்தது. மூன்று ராத்திரி தூங்காத குழந்தை இப்படித்தான் இருக்கும், இப்படித்தானே இருக்கும். பாதிக் கண்ணைத்தான் திறந்தா டாக்டர் என்றான், உடனே கிளம்புங்க என்று போனை வைத்தார். சட்டையை மாட்டினான், பொத்தான் ஒன்று மாறி விழுந்தது, அப்படியே விட்டான். செண்பகத்தின் போனுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினான், அட்டைப் பெட்டிக்குள் அவள் போன் அதிர்வதை நினைத்துக்கொண்டு. “ஆஸ்பத்திரிக்குப் போறேன் செம்பா. நான் மருந்தை மாத்திக் கொடுத்திருக்கேன் போலருக்கு. நேத்திலிருந்து நீ எத்தனை வேளை கொடுத்தேன்னு டாக்டர் கேக்கறாங்க, யோசிச்சு வை. உள்ளதை உள்ளபடி சொல்லு. நானும் சொல்லிட்டேன்.” மூன்று மாடி இறங்கினான். படிகளை எண்ணவில்லை.

ஆட்டோ டிரைவருக்கு வயது நாற்பது இருக்கும், மேட்டில் ஏறும்போதே கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். மத்தியான வெயிலில் தார்ச்சாலை நெளிந்தது. பைக்குள் இரண்டு பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது, குழந்தை கண்ணைத் திறந்தாள். இடம் தெரியாமல் விழித்தாள், உதடு கோணியது, கை காதுக்குப் போனது. பிறகு கத்தினாள். முதல் கத்தலுக்கு மூச்சே இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது, முகம் செக்கச்செவேலென்று ஆகி, அப்புறம் வந்தது சத்தம். எதிரே வந்த பஸ்காரன் திரும்பிப் பார்க்கிற சத்தம். முதுகை வளைத்தாள், அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள், காலால் பையை உதைத்தாள். நவம்பரிலிருந்து இந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் அவன் என்னென்னவோ செய்தான்.

சிக்னலில் வண்டி நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். “அய்யோ, என்ன சார் இப்படிக் கதறுது. வலிக்கு எதாச்சும் கொடுத்தா என்ன? வேணும்னா ஓரமா நிறுத்தறேன், தோ அங்க மருந்துக்கடை இருக்கு பாருங்க.”

“வேணாங்க. இப்பக் கொடுக்கக் கூடாது.”

“பச்சப்புள்ள சார்.”

“ஆமாங்க.”

டிரைவர் உச்சுக் கொட்டிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன அப்பன் இவன் என்று நினைத்திருப்பார். வைரவன் அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து, வலிக்கிற காதில் கை படாமல் பார்த்துக்கொண்டான், கொடுக்க வேறொன்றும் இல்லை. அவள் கத்துவது அவன் எலும்புக்குள் போய் இறங்கியது. விளக்கு சிவப்பிலேயே இருந்தது. நடுவில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள், ஒரு கணம், இரண்டு கணம், தெருவின் சத்தமெல்லாம் அந்த இடத்தில் வந்து நிரம்பியது, அவள் இமைகள் மறுபடி கனப்பதுபோல் இருந்தது. அவன் குனிந்து அவள் முகத்தருகே, யாருக்குக் கேட்கிறது என்ற நினைப்பில்லாமல், “அழும்மா,” என்றான். “நிறுத்தாதடி தங்கம். அழு, இன்னும் அழு.”